வேலியோரத் தவிட்டுச் செடி

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வேலியோரம் நான்கு தவிட்டுப்பழச் செடிகள் நிற்கின்றன. கொய்யாவின் உறவுக்காரச் செடிதான். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளைக் கம்பளி போல மெத்தென்றிருக்கும். பழத்தின் தலையில் ஐந்து மடல் கிரீடம். தின்றால் நாக்கெல்லாம் ஊதா.

விதை கடுகு போலப் பொடி. முதல் தடவை ஆழமாகப் புதைத்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை. அப்புறம் பழத்தைப் பிசைந்து கழுவி, மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவினேன். முளைத்தது. ஆனால் வளர்ச்சி மெதுவாகத்தான்.

இப்போது பழக்காலத்தில் சின்னான் குருவிகள் எனக்கு முன்பே வந்துவிடுகின்றன. மேல்கிளைப் பழங்களை நான் தொடுவதில்லை, அவை குருவிகளுக்கு. எச்சத்தில் விழுந்த விதையிலிருந்து தேயிலைக்கு நடுவே ஒரு கன்று கிளம்பியிருக்கிறது. களை எடுக்க வந்த அக்காவிடம், "அதை மட்டும் விட்டுடுங்கக்கா" என்றேன்.

"தவிட்டுப்பழமாச்சே, வெட்டுவேனா?" என்றார்.