கன்று கொண்டுபோன ஊரில் கேட்டது மெஷின்

2012 ஜனவரி முதல் வாரம். தானே புயல் அடித்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. கடலூரிலிருந்து ஒரு டாடா ஏஸ் வண்டியில் வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் ஏற்றிக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். சின்ன சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றில் நான் களப்பணியாளராகச் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. விழுந்த மரத்துக்குப் பதிலாகப் புது மரம் வைப்பது என்று அலுவலகத்தில் முடிவு செய்திருந்தோம். அது சரிதான் என்று நானும் நினைத்தேன்.

தோப்புக்குள் வண்டி போக வழியே இல்லை. டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய காற்று, முந்திரியை முறித்துப் பலாவைப் புரட்டிப் போட்டிருந்தது. ஆள் உயரத்துக்கு வேர் மேலே நின்றது. அதில் ஒட்டியிருந்த செம்மண் இன்னும் காயவில்லை. தோப்புக்குச் சொந்தக்கார ஆயா வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத எங்க தம்பி வைக்கிறது? கெடக்கறத எடுக்கவே ஆளு இல்ல. அறுக்கற மெஷின் இருந்தா கொண்டாங்க."

கோபத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் அலுவலகத்தில் பெரிய விவாதம். மரம் நடுவதற்கென்று வந்த பணத்தில் மரம் அறுக்கலாமா? நிதி கொடுத்தவர்களுக்கு எத்தனை கன்று நட்டோம் என்று கணக்கு அனுப்ப வேண்டும். அவர்களிடம் பேசிப் பார்த்தோம், ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எங்கள் பொறுப்பாளர் கைப்பணத்தைப் போட்டு இரண்டு மெஷின்களை வாடகைக்கு எடுத்தார்.

ஒன்பது நாள் அறுத்தோம். பச்சைப் பலாவை அறுப்பது லேசான வேலை இல்லை. பால் கசிந்து சங்கிலியில் ஒட்டும், மரத்தூளும் மண்ணும் அதில் சேர்ந்து இறுகிவிடும். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அரத்தால் பல்லைத் தீட்ட வேண்டும். அறுத்த வட்டத்தின் நடுவில் மஞ்சள்கிழங்கு நிறத்தில் வைரம் பளபளக்கும். மிருதங்கத்துக்கும் வீணைக்கும் தேடி வந்து வாங்குகிற மரம் அது. அதை விறகு விலைக்குக் கேட்டு வியாபாரிகள் வந்து நின்றார்கள். கரண்ட் இல்லை, கையில் காசு இல்லை, கொடுத்துவிடலாம் என்றுதான் பலரும் இருந்தார்கள். எங்களில் ஒருவர் நாலு மரக்கடைக்குப் போய் விலை விசாரித்து, ஒரு அட்டையில் எழுதி டீக்கடையில் தொங்கவிட்டார். அதற்கப்புறம் விறகு விலைக்கு ஒருவரும் விற்கவில்லை. அந்த அட்டை போல எங்கள் துண்டறிக்கை எதுவும் அந்த ஊரில் படிக்கப்பட்டதில்லை.

ஜூலையில் அவர்களாகவே கூப்பிட்டார்கள். வேம்பும் புங்கமும் வேண்டாம், முந்திரி ஒட்டுக்கன்று வேண்டும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ரகம் எங்கே கிடைக்கும், வரப்பில் என்ன மரம் வைத்தால் காற்று தாங்கும் என்று கேட்டார்கள். காற்றுத் தடுப்பு பற்றி அதற்கு முன்பும் அதே ஊரில் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம், நாலு பேர் வந்தார்கள். இந்தத் தடவை கோயில் திண்ணையில் இடமில்லை. எங்களுக்கு அங்கே பெயர் "மெஷின்காரங்க". இன்றைக்கும் அதுதான் பெயர்.

2004 சுனாமியின்போது நான் பள்ளி மாணவன். தேவனாம்பட்டினம் போகிற சாலையோரம் பழைய துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது நினைவிருக்கிறது. எல்லாம் நல்ல மனசோடு அனுப்பியதுதான். ஆனால் வீடு, படகு, வலை எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றவர்கள் யாரோ உடுத்திய துணியைத் தொடவில்லை. என்ன வேண்டும் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. இந்த வேலைக்கு வந்தபிறகு அந்தத் துணி மூட்டைகளை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

2015 நவம்பர் வெள்ளத்தில் வேறொன்றைக் கற்றுக்கொண்டோம். வெளியூர் நிவாரண வண்டிகள் பெரும்பாலும் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். ரோட்டோரம் இருப்பவர்களுக்கு இரண்டு தடவை கிடைக்கும், உள்ளே காலனிக்கும் ஏரிக்கரை இருளர் வீடுகளுக்கும் ஒன்றும் போகாது. நாங்கள் பொருள் கொண்டுபோவதற்கு முந்தின நாள் நோட்டோடு போனோம். மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக எழுதி, அதை அங்கேயே சத்தமாகப் படித்தோம். "எங்க சித்தி பேரு விட்டுப்போச்சு" என்று ஒரு பையன் கத்தினான், சேர்த்துக்கொண்டோம். கொடுத்து முடித்ததும் வந்த பணம், வாங்கிய பொருள், மீதி எல்லாவற்றையும் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். மாதம் நூறு, இருநூறு என்று எங்களுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் பலர் அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு வந்தவர்கள்தான்.

அந்த நூறு ரூபாயின் அருமை பின்னால் தெரிந்தது. 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆனது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைந்தது. பெரிய அமைப்புகள் வழியாகப் பணம் வந்துகொண்டிருந்த எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளத்துக்கே வழியில்லாமல் போனது. உள்ளூர்ப் பணம்தான் தாங்கியது.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இன்னொன்று. பேரிடர் முடிந்த கையோடு, பயம் இன்னும் போகாத நேரத்தில், எதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்புவார்கள். "சதுப்புக்காடு இருந்தால் சுனாமி வராது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். பரங்கிப்பேட்டை சுற்றுவட்டாரக் குப்பங்களை வைத்து 2005இல் வந்த ஓர் ஆய்வு, காடு உயிர்களைக் காத்தது என்றது. அதே தரவை மறுபடி கணக்கிட்ட வேறு ஆய்வாளர்கள், கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரிய காரணம் என்று 2006இல் எழுதினார்கள். பிச்சாவரம் சதுப்புக்காட்டை நாங்கள் உயிராக நினைக்கிறவர்கள். ஆனாலும் ஒரு மீனவர் ஊர்க் கூட்டத்தில் இரண்டையும் சொன்னோம். சொல்ல வேண்டாம், குழம்பிப்போவார்கள் என்று எங்களுக்குள்ளேயே சிலர் தடுத்தார்கள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். "மேடுதான் காப்பாத்துதுன்னா, நம்ம மணல் மேட்ட எதுக்கு லாரிக்கு விடறோம்?"

பத்து வருடமாக மணல் மேட்டைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். மேட்டில் மண் எடுக்கக் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் கட்டுப்பாடு போட்டார்கள். மறுபடி அடும்புக்கொடி படர ஆரம்பித்திருக்கிறது. மழைக்கு அப்புறம் போனால் ஊதாப் பூவாகக் கிடக்கும். ராவணன் மீசைப் புல்லும் அங்கங்கே வேர் விட்டிருக்கிறது. காற்றில் வருகிற மணலை அந்தக் கொடியும் புல்லும்தான் பிடித்து வைக்கின்றன. சவுக்கை வரிசையாக நட்ட இடத்தில் இப்படி மேடு சேர்ந்து நான் பார்த்ததில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. வடிந்த பிறகு பார்த்தால் வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. அரிசி, பால்பவுடர் எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. சேற்றை அள்ள மண்வெட்டி இல்லை, கிணற்றை இறைக்க மோட்டார் இல்லை.

அன்றைக்கு ராத்திரி பண்ருட்டிப் பக்கத்திலிருந்து போன் வந்தது. அந்த ஆயாவின் பேரன். ஊரில் கொஞ்சம் பணம் சேர்த்திருப்பதாகவும் காலையில் ஏழெட்டுப் பேர் வருவதாகவும் சொன்னான். சந்தோஷமாக, சரி வாங்க என்றேன்.

"இல்லண்ணே, அங்க என்னா வேணும்னு கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் வண்டி எடுக்கறோம்."