பார்த்தா நம்மூர் ஆளாட்டத்தான் இருக்குது

மலேசியாவிலிருக்கும் ஈப்போவை விட்டு கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லாரும் "உனக்கென்னப்பா, தமிழ்நாடு, சமாளிச்சிடுவே" என்றார்கள். மூஞ்சியும் தமிழும் இருந்ததுதான் முதல் நாள் என்னைச் சிக்கலில் மாட்டியது. கணபதி பக்கம் பம்ப் கம்பெனி. கேட்டில் இருந்த செக்யூரிட்டி எதுவும் கேட்காமல், நேர்காணலுக்கு வந்திருந்த டிப்ளமோ பையன்களோடு என்னையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கே வந்த ஒரு இத்தாலிக்காரரை மட்டும் வாசலிலேயே ஆள் நின்று அழைத்துப் போனார்கள்.

அப்புறம் எச்.ஆர். பாஸ்போர்ட்டை நீட்டினால், "அது இருக்கட்டுங்க தம்பி, ஆதார் எங்கீங்க?" வெளிநாட்டுக்காரன் முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கியிருந்தால்தான் ஆதாருக்கே விண்ணப்பிக்க முடியும். அதை நான் சொல்லி அவர் நம்பினாலும் கம்ப்யூட்டர் நம்பவில்லை, அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்றது.

மதியம் அரிசிம்பருப்பு சாதத்தைப் பங்கு போட்டுக்கொண்டே "எந்தப் பக்கமுங்க?" என்றார்கள். ஈப்போ இருக்கும் மாநிலத்தின் பெயரைச் சொல்லி, பேராக் என்றேன். "அது சரிங்க, பூர்வீகம்?" தாத்தா நாமக்கல் பக்கம் என்றதும் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது, உடனே எந்த ஊர், யார் வகையறா என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் கடைசியில் சாதியில்தான் போய் நிற்கும் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டுக்கு வந்தபோதுதான் மூச்சு விட்டேன், அதுவும் கொஞ்ச நேரம்தான். நான் பார்த்ததெல்லாம் மாடிக் கட்டடங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப், மீட்டரும் கிலோவாட்டும்தான் பழக்கம். இங்கே அடி, இஞ்ச், எச்.பி. "ஆயிரம் அடி போருங்க, எத்தனை ஸ்டேஜ் போடலாம்?" என்றார் ஃபோர்மேன். ஆயிரம் அடி என்றால் கிட்டத்தட்ட 305 மீட்டர்! மழைக்குக் குறைவில்லாத ஊரில் வளர்ந்தவனுக்கு அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் தேடுகிறார்கள் என்பதே புதுசு. நான் பேப்பரில் கணக்குப் போடுவதைப் பார்த்து, "எந்த காலேஜுங்க?" என்றார். மலேசியா என்றேன்.

"அட, வெளிநாடுங்களா! மொதல்லயே சொல்றதில்லீங்களா?"

அதன்பிறகு கதையே வேறு. ஒரு பம்பைப் பிரித்துப் போட்டே காட்டினார். போர்க்குழாய் ஒடுக்கமானது, சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை அகலமாக்க இடமில்லை, அதனால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒவ்வொரு ஸ்டேஜிலும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். மோட்டார் பம்புக்குக் கீழே. அதற்குள்ளும் தண்ணீர்தான், அதனால் சுற்றியிருக்கும் வைண்டிங் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை. எரிந்தால் ஊர் மெக்கானிக்கே பிரித்து ரீவைண்டிங் செய்துவிடுவாராம். காலையிலிருந்து யாராவது இப்படி உட்கார வைத்து ஒன்றைச் சொல்லித் தரமாட்டார்களா என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

என் விசா 180 நாளுக்கு மேல், அதனால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிய வேண்டும். அதற்கு முகவரிச் சான்று வேண்டும், வாடகை ஒப்பந்தம் போட்டுத் தாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அவர் ஆதார் கேட்கிறார்.