டிரான்ஸ்ஃபருக்கு முன்னால் வரும் இரண்டு கோடைகள்

ஏப்ரல் பிறந்தால் போதும், எங்கள் அபார்ட்மெண்டில் யாராவது ஓர் ஆன்ட்டி அம்மாவைப் பிடித்துக்கொள்வார். "உங்க பொண்ணு சம்மர்ல என்ன கிளாஸ் எடுத்தா? எங்க பையனுக்கும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்." நான் சேர்ந்தபோது "கம்யூனிட்டி காலேஜா?" என்று கடைசி எழுத்தை இழுத்தவர்களும் இவர்களில் உண்டு. பரவாயில்லை. அம்மாவுக்குத் தூது போய் அலுத்துவிட்டது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் பத்தாவது முடித்துவிட்டு ஃப்ரீமாண்ட் வந்தவள். இங்கே இரண்டு வருஷம் ஹைஸ்கூல், பிறகு இரண்டு வருஷப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜ், இப்போது யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) டேவிஸில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இது ஏதோ கொல்லைப்புற வழி என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். கலிஃபோர்னியா 1960-இல் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே இருக்கும் வழி இது. பள்ளி முடித்தவர்களில் மேல்நிலையில் இருக்கும் எட்டில் ஒரு பங்கு யூசிக்கு, மூன்றில் ஒரு பங்கு ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு, கம்யூனிட்டி காலேஜ் எல்லோருக்கும், அங்கிருந்து மூன்றாம் வருஷத்துக்கு மேலே போகலாம் (இதுதான் டிரான்ஸ்ஃபர்) என்பதுதான் அதன் கணக்கு. மாநிலத்தில் குடியிருப்பவர் என்று ஏற்றுக்கொண்டால் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தை அளக்கும் கிரெடிட்டுக்கு, 46 டாலர். ஐந்து யூனிட் கால்குலஸ் 230 டாலருக்கு முடிகிறது. புத்தகம் தனி, பார்க்கிங் தனி.

சரி, சம்மர் கிளாஸ். இரண்டு வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்களுக்கு இரண்டு கோடை விடுமுறை கிடைக்கும். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துத் திட்டம் போடுகிறார்கள். யூசி அப்படிப் பார்ப்பதில்லை.

செப்டம்பரில் யூசியில் சேர வேண்டும் என்றால் முந்தின வருஷம் நவம்பர் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தேவையான 60 செமஸ்டர் யூனிட்டும், மேஜருக்கு (பட்டத்தின் முக்கியத் துறைக்கு) கேட்கும் முக்கியப் பாடங்களும் சேருவதற்கு முந்தைய ஸ்பிரிங்கோடு, அதாவது மே மாதம் முடியும் செமஸ்டரோடு, முடிந்திருக்க வேண்டும். ஆறு யூசிகள் தருகிற 'டாக்' என்னும் உத்தரவாதச் சேர்க்கைக்கும் இதே நிலைதான். அதாவது கடைசிக் கோடையில் எடுக்கும் பாடம் சேர்க்கைக்கு உதவாது. "ஒரு கிளாஸ்தானே பாக்கி, சம்மர்ல முடிச்சுடறேன்" என்று யாராவது சொன்னால் உடனே கவுன்சிலரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் வரும் கோடைதான் தங்கம். அதில் வாங்கும் கிரேடு நவம்பரில் விண்ணப்பத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

என் விஷயத்தில் நடந்தது இது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் தேதி எல்லோருக்கும் கடைசியில்தான் வரும். என் முறை வந்தபோது கால்குலஸ் ஒன்று எல்லா செக்‌ஷனும் நிரம்பிவிட்டது. முதல் செமஸ்டரில் கணக்கே இல்லாமல் இங்கிலீஷும் சைக்காலஜியும் எடுத்தேன். ஸ்பிரிங்கில் கால்குலஸ் ஒன்று. அதற்குப் பிறகு கால்குலஸ் இரண்டு முடித்தால்தான் மூன்றும் லீனியர் ஆல்ஜீப்ராவும் தொட முடியும். கோடையைச் சும்மா விட்டிருந்தால் அந்த இரண்டையும் கடைசி ஸ்பிரிங்கில் சேர்த்துச் சுமந்திருக்க வேண்டும். அதைவிட மோசம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேஜர் கேட்கிற ஒருத்தியின் விண்ணப்பத்தில் கணக்கு கிரேடு ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கும். அதனால் நடுக் கோடையில் கால்குலஸ் இரண்டு, அது மட்டும்.

அது மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். செமஸ்டரில் நடத்த வேண்டிய மொத்த மணி நேரமும் சம்மரில் குறையாது, வாரங்கள்தான் குறையும். ஐந்து யூனிட் என்றால் சுமார் 90 மணி நேரம். ஆறு வாரத்தில் அடைத்தால் வாரத்துக்கு 15. திங்கள் முதல் வியாழன் வரை, காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் கிட்டத்தட்ட மதியம்தான் எழுந்திருக்க முடியும். வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வீட்டில் இரண்டு மணி நேரம் என்பது இங்கே எல்லா சிலபஸிலும் இருக்கும் வசனம். கூட்டிப் பாருங்கள், வாரத்துக்கு 45 மணி நேரம். முழுநேர வேலைக்குப் போகிறவரைவிட அதிகம். இதில் இன்னொரு கிளாஸ், கூடவே போபா கடையில் பார்ட் டைம் என்று ஆரம்பித்த ஒரு பையன் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வரவே இல்லை.

ஒரு நாள் ஹார்மோனிக் தொடர் வந்தது. ஒன்று, கூட்டல் அரை, கூட்டல் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று போய்க்கொண்டே இருப்பது. சேர்க்கிற எண் தேய்ந்து தேய்ந்து பூஜ்யத்தை நெருங்குகிறது, ஆனாலும் கூட்டுத்தொகை எங்கேயும் நிற்பதில்லை. ப்ரொஃபசர் பலகையில் எழுதிவிட்டு அடைப்புக்குறி போட்டார். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் அரையைத் தாண்டும். ஐந்திலிருந்து எட்டு வரை உள்ள நாலும் சேர்ந்தால் மறுபடி அரையைத் தாண்டும். இப்படி அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போனால் முடிவு ஏது? நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பலகையை அழித்துவிட்டு, ஒரு தொடரின் கூட்டுத்தொகை எங்காவது நிற்குமா என்று சோதிக்கும் இன்டெக்ரல் டெஸ்டுக்குப் போய்விட்டார். பிரேக்குக்குப் பிறகு கம்பேரிசன் டெஸ்ட், மறுநாள் ரேஷியோ டெஸ்ட், வியாழக்கிழமை பரீட்சை. செமஸ்டரில் இதையெல்லாம் ஊறப்போட நேரம் இருக்கும். சம்மரில் ஒரு நாள் காய்ச்சல் வந்தால் ஒரு வாரப் பாடம் போச்சு. பாட்டி போனில் "லீவுல ஊருக்கு வராம அப்படி என்னடி படிப்பு?" என்று கேட்டபோது எனக்கும் அதே கேள்விதான்.

கிளாஸ் எங்கே எடுப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நம் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ்களிலேயே டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறை (கோடை நீங்கலாக வருஷத்துக்கு மூன்று பருவம்), ஓலோனி செமஸ்டர் முறை (இரண்டு பருவம்). செமஸ்டர் காலேஜில் கால்குலஸ் ஒன்று முடித்துவிட்டு, 'அங்கே சீட் இருக்கு' என்று இரண்டை மட்டும் குவார்ட்டர் காலேஜில் எடுத்தால் அது அப்படியே ஒட்டாது. அவர்கள் அதே சங்கதியை வேறு இடத்தில் வெட்டியிருப்பார்கள். ஒரு குவார்ட்டர் யூனிட் என்பதே மூன்றில் இரண்டு செமஸ்டர் யூனிட்தான். தொடராக வரும் பாடங்களை ஆரம்பித்த காலேஜிலேயே முடிப்பது உத்தமம். ஹிஸ்டரி, கம்யூனிகேஷன் மாதிரி தனித்து நிற்கும் பாடங்களை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், அசிஸ்ட் என்கிற அரசுத் தளத்தில் உங்கள் காலேஜையும் போக வேண்டிய யூசியையும் போட்டு ஒரு தடவை பார்த்துவிட்டு. ஆன்ட்டிகள் சொல்வதைவிட, என்னைவிட, அந்தத் தளம் நம்பகமானது.

அப்படியானால் கடைசிக் கோடையில் எதுவும் எடுக்க வேண்டாமா? நான் எடுத்தேன். எங்களுக்கு ஸ்பிரிங் மே மாதமே முடிந்துவிடும், டேவிஸ் குவார்ட்டர் தொடங்குவது செப்டம்பர் கடைசியில். நடுவில் எவ்வளவு நாள்தான் நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பது? டேவிஸ் பாடம் ஒன்றுக்கு ஈடு என்று அசிஸ்ட் காட்டிய நாலு யூனிட் பைத்தான் கிளாஸ், ஆன்லைனில், 184 டாலர். அதே பாடத்தை யூசியில் எடுத்தால் செலவு எங்கேயோ போய்விடும். யூனிட் மட்டும்தான் கூட வரும், கிரேடு யூசி ஜிபிஏவில் சேராது, அங்கே புதுக்கணக்கு. அதனால் மனசும் லேசாக இருந்தது. ஒரு வேலை மட்டும் உண்டு. டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் போக வேண்டும், சம்மர் கிளாஸ் அதற்குப் பிறகுதான் முடியும். அதனால் இன்னொரு தடவை அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்த பாடத்திட்டத்தில் எதை மாற்றினாலும் யூசிக்குத் தெரியப்படுத்தவும் வேண்டும். அந்தக் கிளாஸ் ஜூலையில் முடிந்ததும் ஆகஸ்டில் ஊருக்குப் போய்ப் பாட்டியைச் சமாதானப்படுத்தினேன்.

வெயிட்லிஸ்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் வராதவர்களை ப்ரொஃபசர் பெரும்பாலும் அன்றைக்கே நீக்கிவிடுவார், காலியான அந்த இடத்துக்கான ஆட் கோடு (வகுப்பில் சேர்வதற்கான எண்) அவர் கண் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். நாற்காலி இல்லையென்றால் தரையில் உட்காருங்கள், நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆன்லைன் கிளாஸ் என்றால் முந்தின நாளே மெயில் போடுங்கள். ஒத்துவராது என்று தோன்றினால் முதல் சில நாட்களுக்குள்ளேயே விலகிவிடுங்கள். டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' (பாதியில் விலகியதற்கான குறி) விழாமல் விலகுவதற்கான கெடு சம்மரில் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும், தேதி சிலபஸின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.