பதினொன்று

மாஸ்டர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்சப் குழுவுக்கு வந்ததும், கீழே முதலில் விழுந்த வரி எனக்கானது: "பதினொன்று, பார்த்தாயா?" நாற்பது வருடமாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை. பிந்திய வகுப்பினருக்கு அதன் கதை தெரியாதாம். எழுதித் தரும்படி மலர்க்குழுவின் கட்டளை.

1982, ஐப்பசி. தேவாரம் முடிந்து முதற்பாடம் புவியியல். மழையும் முகிலும் உண்டாகும் கீழ் வளியடுக்கான மாறன் மண்டலத்தின் மேல் எல்லை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மாஸ்டர் கேட்டார். மனப்பாடத்தில் நான் சூரன். எழுந்து, "11 கிலோமீற்றர், சேர்" என்றேன்.

"நீர் இப்போது எங்கே நிற்கிறீர்?"

"திருகோணமலையில், சேர்."

"பிறகு ஏன் லண்டன் வானத்தைச் சொல்கிறீர்?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. விறாந்தையில் நின்று கடலைப் பார்க்க வேண்டும் என்பது தண்டனை. போகிற வருகிற சின்னப் பொடியன்கள் எல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள். டச்சுக் குடாவுக்கு அப்பால் ஒரு மழைமுகில் பூக்கோவாபோல் பொங்கி எழுந்தது. ஓரிடத்துக்கு மேல் ஏற முடியாமல், அடுக்களைப் புகை கூரையில் முட்டிப் பரவுவதுபோல் இருபுறமும் தட்டையாக விரிந்தது. மாஸ்டர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"அதுதான் எங்கள் எல்லை. 16, 17 கிலோமீற்றர். பூச்சியத்துக்குக் கீழே 80 பாகை குளிர். வருடா வருடம் அதே உயரத்தில் நிற்குமா?"

"நிற்கும், சேர்."

இரண்டாவது பிழை. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கித் தினமும் முகில்களைக் குறித்துவரச் சொன்னார்.

அவருடைய கேள்விக்கு நான் விடை தேடியது ஓய்வுபெற்ற பிறகுதான். வாடையும் கச்சானும் வருடத்துக்குள் மாறி வீசுவதை அறிவோம். அந்த எல்லைக்கு மேலே, பூமத்திய ரேகையை ஒட்டி, கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் முறைவைத்து இறங்கி வருகின்றன; ஒரு சுற்றுக்குச் சுமார் 28 மாதம். கிழக்குக் காற்று இறங்கும்போது எல்லை சற்று உயர்ந்து குளிர்கிறது. மேற்குக் காற்றின் முறையில் தாழ்ந்து சூடேறுகிறது. பசிபிக்கில் கடல் சூடேறும் எல் நினோ வந்தால் முகில் கூட்டம் இடம்பெயர, அதன் கூரையும் அசைகிறது. பெரிய எரிமலை வெடித்தால் எல்லைக்கு மேலுள்ள அடுக்கான படைமண்டலம் சூடேறிக் கூரையைக் கீழே அழுத்துகிறது. எல்லாம் சில நூறு மீற்றருக்குள்தான். ஆனால் அந்த வருடத்துக் குளிரைப் பொறுத்தே மேலே எவ்வளவு நீராவி தப்பிப் போகிறது என்பது தீர்மானமாகிறது.

மெக்சிக்கோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்ததும், பெரிய எல் நினோ ஒன்று தொடங்கியதும் அதே 1982இல். மாறாது என்று சொல்ல நான் வருடம் பார்த்துத்தான் எழும்பியிருக்கிறேன்.

கொப்பியில் நாலைந்து மாதம் எழுதினேன். 1984இல் லண்டன் வந்தபோது மிச்சத் தாள்கள் வெறுமையாக வீட்டில் கிடந்தன. பிறகு வீடே இல்லை. 1986இல் மாஸ்டரின் கடிதம் வந்தது. "இப்போது 11 சரியான விடை. அங்கே முகில் எப்படி விரிகிறது என்று எழுதும்" என்றிருந்தது. பெற்றோல் நிலையத்தில் எனக்கு இரவு வேலை, பகலில் தூக்கம். ஹரோவில் எந்நேரமும் சாம்பல் மூடிதான், விரிவதைக் காண ஒரு முகிலும் தனியாக நிற்பதில்லை. அதையாவது எழுதியிருக்கலாம். நீல ஏரோகிராம் ஒன்று வாங்கி, முகவரி எழுதும் வரை வந்தேன்.