பார்பியின் பச்சைக் காது

அறுபதுகளின் பார்பி பொம்மை ஒன்று இன்று கைக்கு வந்தது. முகம் அப்படியே இருக்கிறது. காதைச் சுற்றி மட்டும் பச்சை.

அழுக்கு இல்லை. காதுத் தோட்டில் இருந்த செம்பு, பிவிசி என்ற வினைல் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிய கறை. துடைத்தால் போகாது.

முதலில் தோட்டைக் கழற்ற வேண்டும். முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு கிரீம் தடவி வெயிலில் வைத்தால் கறை வெளிறும். அளவு மீறினால் அந்த இடம் வெள்ளைத் திட்டாகிவிடும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் வேண்டவே வேண்டாம். பெயிண்டும் போகும், வினைலும் இளகும்.

கால் பிசுபிசுப்பது வேறு கதை. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்கக் கலக்கும் பிளாஸ்டிசைசர் ஆண்டுகள் போகப் போக வெளியே கசியும். இறுக்கிக் கட்டிய பாலிதீன் பையில் வைத்தால் இன்னும் மோசம்.

பிற்காலப் பார்பிகளில் உடம்பு ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக், கை இவிஏ என்ற வளையும் பிளாஸ்டிக், தலை மட்டும் மென்மையான பிவிசி. தலையைச் சுழலும் அச்சில் வார்த்து, சூடு ஆறுமுன் கழுத்துத் துளை வழியாக உருவி எடுப்பார்கள். ஆறி இறுகினால் அவ்வளவு சின்ன துளையில் வராது! பிறகுதான் தையல் மெஷினில் முடி நடுவது. அந்த முடி சாரன் அல்லது நைலான் என்ற செயற்கை இழை.

1959ல் முதல் பார்பி ஜப்பானில் தயாரானது. கூலி ஏற ஏற வேலை தைவான், சீனா, இந்தோனேசியா என்று நகர்ந்தது.

பெட்டியில் ஒரு நாட்டின் பெயர்தான் இருக்கும். 1996ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் ஒரு பார்பிக்குள் எத்தனை நாடுகள் என்று பிரித்துப் போட்டது: வினைலின் மூலப்பொருளான எத்திலீன் சவூதி எண்ணெயிலிருந்து, வினைல் துகள் தைவானில், முடி ஜப்பானில், அட்டைப்பெட்டி அமெரிக்காவில். அப்போது விலை 9.99 டாலர். அதில் சீனத் தொழிலாளர் கூலி 35 சென்ட்.