நாடே கண்ணீர் வடித்தது

மாஸ்டர் காலமான செய்தி தை மாதம் வந்தது. அவரைப் பற்றி ஒரு பக்கம் தரும்படி மலர்க்குழு கேட்டது. மாஸ்டரை எழுதினால் அமெரிக்க எழுத்தாளர் மெல்வில்லையும் எழுதியாக வேண்டும். காரணம் 1974ஆம் ஆண்டுக்காரருக்குத் தெரியும். அன்று வாங்கின் மேல் நின்றவன் நான்தான்.

'நான் விரும்பும் எழுத்தாளர்' என்று கட்டுரை. நூலகத்துச் சுருக்கப் பதிப்பில் மெல்வில்லின் 'மொபி டிக்' நாவலின் முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பக்கமும் பார்த்திருந்தேன். வரலாற்றுக்கு என்னிடம் அச்சு ஒன்று இருந்தது: ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், அயராது உழைத்தார், புகழின் உச்சியை அடைந்தார், மறைந்தபோது நாடே கண்ணீர் வடித்தது. எடிசனுக்கும் பாரதியாருக்கும் அதையே போட்டுப் புள்ளி வாங்கியவன்.

மாஸ்டர் கொப்பியை உயர்த்திப் பிடித்து, கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். பக்கத்து வகுப்பும் அமைதியானது.

"எந்த நாடு, தம்பி?"

சிரிப்பு அடங்கியதும் சொல்லத் தொடங்கினார். வசதியான வீட்டில் பிறந்தவராம் ஹேர்மன் மெல்வில். தகப்பனின் இறக்குமதி வியாபாரம் நொடித்து, 1832இல் அவரும் இறந்தபோது பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. 1841இல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஏறி, மறு ஆண்டே பசிபிக் கடலின் மார்க்கேசஸ் தீவொன்றில் கப்பலை விட்டு ஓடினார். அதை வைத்து எழுதிய 'டைப்பீ' அவரைப் பிரபலமாக்கியது. 1851இல் வந்த 'மொபி டிக்' கவிழ்த்துவிட்டது. அவர் ஆயுளில் மூவாயிரத்துச் சொச்சம் பிரதிதான் போனது. 1853இல் பதிப்பகம் தீப்பிடித்தபோது விற்காமல் கிடந்தவையும் எரிந்தன. பிறகு நியூயோர்க் துறைமுகத்தில் சுங்கப் பரிசோதகர். நாளுக்கு நாலு டொலர், பத்தொன்பது ஆண்டுகள்.

"கடலை அப்படி எழுதினவன், கரையில் நின்று அடுத்தவன் மூட்டையை எண்ணினான்" என்றபோது மாஸ்டரின் குரலில் கேலி இல்லை. மேசையில் எங்கள் நாற்பது கொப்பிகளும் திருத்தக் கிடந்தன. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

1891 செப்டெம்பர் 28 மரணம். மறுநாள் நியூயோர்க் டைம்ஸ் சில வரிகள் போட்டது. 'மொபி' என்ற சொல்லில் எழுத்துப்பிழை வேறு. "உன்னைப்போல" என்று சேர்த்துக்கொண்டார். மணி அடித்தும் இறங்கச் சொல்லவில்லை.

மறுநாள் தன் சொந்தப் பிரதியைத் தந்தார், முழுப் புத்தகம். மனைவிக்குத் தெரியாமல் வாங்கியதாக இருக்கும், அத்தனை கவனமாக உறை போட்டிருந்தார். 1984இல் நான் புறப்பட்டபோது அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பாதிதான் வாசித்திருந்தேன். பிறகு ரொறன்ரோவுக்கு ஒரு வான்கடிதம் வந்தது: "நியூயோர்க் போனால் அவர் கல்லறையைப் பார்த்து எழுது." புத்தகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதில் போடவில்லை. என்ன சொல்லிப் போடுவது?

இந்தச் சித்திரையில்தான் போனேன். பிராங்ஸில், வுட்லோன் மயானம். கல்லில் விரிந்த சுருள் ஒன்றும் இறகுப் பேனாவும் செதுக்கியிருக்கிறார்கள். சுருளில் ஓர் எழுத்தும் இல்லை. வந்துபோனவர்கள் வைத்த பேனாக்கள் மழையில் நனைந்து கிடந்தன.

காரோட்டி வந்த மகள், "யார் அப்பா இவர்?" என்றாள்.

"ஏழைக் குடும்பத்தில்..." என்று வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது.