ரெண்டும்தான் அண்ணன்

"மெசின்ட பிழையா, பொடியன்ட பிழையா? ஒரு சொல்லில சொல்லுங்க தம்பி" என்று மெசின்காரர், அதாவது நெல் வெட்டு மெசினின் சொந்தக்காரர், போனில் கேட்டார். "ரெண்டும்தான் அண்ணன்" என்றேன்.

அந்தப் பதிலில் பொய் இல்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் வெட்டு முடிந்து கணக்குப் பார்த்தபோது மெசின் ஓட்டிய பொடியனுடைய கூலியில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டார்கள் என்றும், கேட்டதற்கு "மெக்கானிக்கே சொல்லிட்டார்" என்று பதில் வந்தது என்றும், அவன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றும் கேள்விப்பட்டேன். அதிலிருந்து அந்தப் பதிலை மனதுக்குள் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் சரிவரவில்லை.

மாரிப்போக நெல் வெட்டில் மட்டக்களப்பின் படுவான்கரை எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிந்திய மழை, விழுந்து கிடக்கும் வேளாண்மை, வரம்பில் நின்று வானத்தையும் காட்டுக் கரையையும் மாறி மாறிப் பார்க்கும் வயல்காரர். இருட்டினால் யானை. இருட்டாவிட்டால் மழை. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது நூற்றுக்கு 14க்கு மேற்படாத ஈரப்பதம். தண்ணீரில் விழுந்து முளை கட்டப் பார்க்கும் கதிரை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை நினைத்தாலே வயிறு எரியும். அப்படியொரு பின்னேரம் வெல்லாவெளிக்கு அப்பால் ஒரு வயல் வட்டையில் மெசின் இழுக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். றப்பர் செயினில் ஓடும் பழைய வெட்டு மெசின், நாலு சிலிண்டர் டீசல் இஞ்சின். எத்தனை கை மாறி வந்ததோ.

பொடியன் குறியைத் தெளிவாகச் சொன்னான். றோட்டில் நன்றாக ஓடுகிறது. வரம்போரம் நிறுத்தி முறுக்கினால் முழு வேகமும் வருகிறது. வயலுக்குள் இறங்கிக் கொஞ்ச நேரம் வெட்டியதும் இஞ்சின் இறங்குகிறது, கதிரடிக்கும் உருளை மந்தமாகி வைக்கோல் அடைக்கிறது. நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் வேலை செய்கிறது. மறுகா திரும்பவும் அதே கதை.

நான் முதலில் கேட்டது புகையை. கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல் போகிறது. ஒன்றில் எயார் பில்டர் அடைத்திருக்கும், அல்லது இஞ்சின் தாங்காத பாரம் ஏறியிருக்கும். வெள்ளைப் புகை என்றால் டீசல் சரியாக எரியாமல் வெளியே போகிறது. புகையே இல்லாமல் சத்து மட்டும் இறங்கினால் அநேகமாக இஞ்சினுக்கு டீசல் போதவில்லை. "சில நேரம் கறுப்பு, சில நேரம் ஒண்டும் இல்ல அண்ணன்" என்றான். இந்த ஒரு வரியிலேயே என்னுடைய பதில் பாதி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு விதமான புகை, இரண்டு விதமான காரணம்.

டாங்கி மூடியைத் திறந்தேன். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடமாகி, திறக்கும்போது 'உஸ்' என்று காற்று இழுக்கும். அப்படி ஒன்றும் கேட்கவில்லை. பில்டருக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது, அதன் மேல் கறுப்பாகச் சளி மாதிரி ஒரு படிவு. பீப்பாய் டீசல்தான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் சூடேறி உள்ளே உள்ள காற்று விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மூடி இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளரும், அதுதான் அந்தச் சளி. ஓடும்போது டாங்கியின் அடி வலையில் போய் ஒட்டி அடைக்கிறது, நிறுத்தினால் நழுவி விழுகிறது. பொடியன் சொன்ன "ஆறவிட்டால் வேலை செய்யும்" என்பதற்கு அர்த்தம் இதுதான். இஞ்சின் ஆறவில்லை, அழுக்குத்தான் ஆறியது.

சுவிஸில் மலையில் வேலை செய்யும் என் மச்சான், பனியைச் சமப்படுத்தும் செயின் வண்டி ஒன்றின் வீடியோவை அனுப்பியிருந்தான். ஆழப் பனியில் இழுவை விட்டு நிற்கிறதாம். அங்கே குளிருக்கு டீசலில் உள்ள மெழுகு கட்டியாகிப் பில்டரை அடைக்கும், இங்கே வெக்கைக்குக் கிருமி வளர்ந்து அடைக்கும். அங்கே உயரம் ஏற ஏறக் காற்றும் மெலியும். டர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கு சத்தை இழக்கும். கடல் மட்டத்தில் வயல் செய்யும் எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. ஆனால் புதைகிற நிலத்தில் ஓடும் வண்டிக்குப் பொதுவான ஒரு தொல்லை இருக்கிறது. இஞ்சினுக்குச் சத்துக் குறைந்தாலும், வண்டிக்குப் பாரம் கூடினாலும், ஆசனத்தில் இருப்பவனுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டிலும் வேகம் விழும், இரண்டிலும் சத்தம் மாறும்.

சரி. தண்ணீரை வடித்து, வலையைக் கழுவி, பில்டரை மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்து முடித்தேன். றேடியேட்டர் முன் வலையில் பதரும் தூசியும் கம்பளி போல அப்பியிருந்தன, அதையும் தட்டினேன். மெசின் வயலுக்குள் இறங்கியது. மேட்டுப் பக்கம் முழுவதையும் ஒரு மூச்சில் வெட்டியது. வயல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் பள்ளத்து மூலையில் பழையபடி இஞ்சின் வேகம் இறங்கியது. இந்த முறை நல்ல கறுப்புப் புகை.

ஏறி அவனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விழுந்த ஈரக் கதிரை, அடியோடு, முழு அகலத்துக்கும் வெட்டிக்கொண்டு போகிறான். திரும்புமிடத்தில் ஒரு பக்கச் செயினை நிறுத்தி அப்படியே கிறுகுகிறான், அது சேற்றைத் தோண்டிச் சில்லுகளுக்கு இடையில் அப்புகிறது. இதெல்லாம் பாரம். எல்லாவற்றுக்கும் மேலாக இஞ்சின் வேக லீவர் முழுதாகத் தள்ளியில்லை. "இதைக் கடைசி மட்டும் தள்ளு. மெதுவாப் போகோணும் எண்டா மற்ற லீவரால மெதுவாப் போ. முக்கால் அகலம் வெட்டு, கொஞ்சம் உயர்த்தி வெட்டு" என்றேன். செய்தான். கோளாறு போய்விட்டது. பள்ளம் முழுக்க வெட்டியது, அணையவில்லை.

போன் வந்தது அதற்குப் பிறகுதான். என்ன நடந்தது என்று கேட்டார். டீசலில் தண்ணீர், பில்டர் மாற்றினேன், இனிப் பார்த்து ஓட வேண்டும் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி. அப்போதுதான் அந்தப் பதில்.

கணக்காகப் பார்த்தால் நான் சொன்னது சரி. பில்டர் மாற்றியதும் பாதி நோய் போனது, ஓட்டத்தை மாற்றியதும் மீதிப் பாதி போனது. இதைவிடத் தெளிவான சோதனையை வயலுக்குள் யாரும் செய்ய முடியாது.

ஆனால் அந்த லீவர். வெட்டு மெசினில் கதிரடிக்கும் உருளை, விசிறி, சல்லடை எல்லாமே இஞ்சின் வேகத்தோடு பெல்ட்டில் கட்டியவை. இஞ்சினைக் குறைத்தால் உருளையும் குறையும், வைக்கோல் அடைக்கும், பாரம் இன்னும் ஏறும், இஞ்சின் இன்னும் இறங்கும். அதனால்தான் வெட்டும்போது முழு வேகம். உழவு மெசினுக்கு அப்படியில்லை. லேசான வேலைக்குக் கியரைக் கூட்டி இஞ்சினைக் குறைத்து ஓடினால் டீசல் உண்மையாகவே மிச்சம். மெசின்காரர் வருசக்கணக்கில் உழவு மெசின் ஓட்டியவர். 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனபோது, கியூஆர் கோட்டைக் காட்டி வரிசையில் காய்ந்தபோது, அந்தப் பழக்கம் இன்னும் இறுகிப்போயிருக்கும். பீப்பாயில் டீசல் சேர்க்கும் பழக்கமும் பலருக்கு அப்போது வந்ததுதான். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

பொடியன் என்னிடம் சொன்னான், "முதலாளிதான் குறைச்சு ஓடச் சொன்னவர், டீசல் கணக்குக் கேப்பார்" என்று. சொன்னது நிச்சயம். எப்போது சொன்னான் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நான் ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்று லீவரைத் தள்ளச் சொன்னபோதா, போன் பேசி முடித்துச் சாமான்களை ஏற்றும்போதா? ஒருமுறை நினைத்தால் மெசின் சத்தத்துக்குள் அவன் வாய் அசைவது தெரிகிறது. இன்னொருமுறை நினைத்தால் மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறான். முதலாவதுதான் நடந்தது என்றால், தெரிந்துகொண்டே அந்தப் பதிலைச் சொன்னவன் நான். இரண்டாவது என்றால் எனக்குத் தெரியாது. இதை முடிவுசெய்ய வழியில்லை, எனக்கு வசதியான பக்கத்துக்கு மனம் சாய்கிறது என்பதும் தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மெசினின் பிழை என்று நான் மனதில் வைத்தது பீப்பாயை. பொடியனின் பிழை என்று வைத்தது லீவரை. இந்த ரெண்டும் யாருடைய சொல்லின்படி நடந்தன என்று போனில் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது மெக்கானிக்கின் வேலையா? இல்லை என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருக்கிறேன். தவிர, செயினை நிறுத்திக் கிறுகியதும், விழுந்த கதிரை முழு அகலத்தில் வெட்டியதும் யாரும் சொல்லிச் செய்ததல்ல, அவனுடைய அவசரம். ஆனால் ஏக்கர் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு அவசரம் வராமல் என்ன செய்யும்.

நான் வேலை பழகிய பாஸ் ஒருவர் இருந்தார். யார் பிழை என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார். கழற்றிய சாமானை எடுத்துக் கேட்டவரின் கையில் வைத்துவிடுவார். அதைப் பெரிய ஞானம் என்று நினைத்த காலம் உண்டு. காசு தரும் ஆளோடு முட்டாமல் தப்பும் கெட்டித்தனம் என்று நினைத்த காலமும் உண்டு. போனில் எதைக் கையில் வைப்பது? படம் எடுத்து அனுப்பியிருக்கலாம், கறுப்புச் சளியோடு அந்தக் கிண்ணத்தை. பார்த்துவிட்டு, பொடியன் ஏன் தண்ணீரை வடிக்கவில்லை என்று கேட்டிருப்பார். வடிக்கத்தான் வேண்டும், அது றைவருடைய வேலைதான். பார்த்தீர்களா, எங்கே சுற்றினாலும் அவனிடமே வந்து நிற்கிறது.

பிறகு அவரை அழைத்து விளக்கிச் சொல்ல நினைத்தேன். என்னவென்று சொல்வது? "ரெண்டும்" என்றது சரி, ஆனால் நீங்கள் நினைத்த ரெண்டு அல்ல என்றா? கூலி பிடித்தது அவர்களுக்குள் உள்ள விசயம், முன்பணம் ஏதும் இருந்திருக்கலாம், என் பேரைச் சாட்டுக்கு எடுத்திருக்கலாம். அன்று என்னுடைய கூலியை அவர் ஒரு சதம் குறைக்காமல் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசியில் நான் அவரை அழைக்கவே இல்லை. அதன் பிறகு ஒன்றை வழக்கமாக்கிக்கொண்டேன். மெசினைப் பற்றி மட்டும் பேசுவது, ஆளைப் பற்றிப் பேசாமலிருப்பது. வேகம் அளக்கும் மீற்றர் ஒன்றும் வாங்கினேன். பாரமில்லாமல் எத்தனை சுற்று, பாரத்தில் எத்தனை சுற்று என்று இலக்கத்தில் சொன்னால் அதில் யாருடைய பேரும் இருக்காது அல்லவா.

அந்த மெசினை அவர் போன வருசம் விற்றுவிட்டார். வாங்கியவர் அம்பாறைப் பக்கத்துக்காரர், என் நம்பரை எங்கோ எடுத்து அழைத்தார். வயலுக்குள் இறங்கினால் சத்தில்லையாம். புகை என்ன நிறம் என்றுதான் கேட்க வந்தேன். வாயில் வந்தது, "ஆர் ஓட்டுறது?" கேட்க வேண்டிய கேள்விதான் அது, பாரம் தெரியாமல் எதைப் பார்ப்பது. அவர் ஒரு பேரைச் சொல்லி, "பழக்கம் காணாது, ஏன் அவன்ட பிழையா?" என்றார். "முதல்ல கிண்ணத்தைக் கழட்டிப் பாருங்க" என்றேன்.